சோயா செய்த பாவம்

போன மாதம் எங்கள் வீட்டில் செய்த ஒரு சோயா வறுவல், கூடிவந்த ஒரு கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நினைப்பு வந்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு ஓடுகிறவள். மழை பிடித்தால் மண் சரியுமோ என்று கவலை. மழை விட்டால் ஏலச்செடி வாடுமோ என்று கவலை. இப்படிப்பட்ட ஒருத்தியின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்... நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மகள் பெயர் ஆன்சி. எங்கள் மலையில் இருக்கிற கட்டப்பனையில் ஒரு லேபில் வேலை. இதுவரை வந்த வரன்களை எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிவிட்டவள். ஒருத்தர் அதிகம் பேசுகிறாராம். இன்னொருத்தர் பேசவே இல்லையாம். மூன்றாமவர் சிரித்த விதம் சரியில்லையாம். சிரிப்பில் என்னடி விதம்?

இந்த வரனைக் கொண்டுவந்தவர் எங்கள் கோவில் உபதேசியார். ஜெபம் சொல்லிக் கொடுப்பது, சிலுவைப்பாதை நடத்துவது, போகிற போக்கில் வரன் சொல்வது — எல்லாம் அவர்தான். மாப்பிள்ளை பெயர் பிரவீன். மலைக்குக் கீழே கம்பத்தில் வீடு. திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிற தொழில். போட்டோவைப் பார்த்த ஆன்சி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததே பெரிய விஷயம்.

ஆனால் அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, தவக்காலத்தில் வந்தது.

“தவக்காலத்துல பொண்ணு பாக்கலாமா உபதேசியாரே? தப்பில்லையா?” என்றேன்.

“பாக்குறதுக்கு என்னம்மா தடை? கலியாணந்தான் வைக்கக் கூடாது. இப்பப் பேசி வச்சா, உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்சதும் கோயில்ல ஓலை வாசிச்சிரலாம்ல?” என்றார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்போம்.

சரி. அப்படியானால் சாப்பாடு?

சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஆனால் மலையேறி வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு போடாமல் அனுப்புகிற வழக்கமும் எங்கள் பக்கத்தில் கிடையாது.

“சாம்பார், ரெண்டு பொரியல், பாயசம். முடிஞ்சுது சோலி” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே சீக்கிரம் முடிந்துவிடும்.

“மொதமொதல்ல வர்றவங்களுக்கு சாம்பாரா? இழுத்துப் பிடிச்சுச் செலவு பண்ற வீடுன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“தவக்காலம்னு அவங்களுக்கும் தெரியும்ல?”

தெரியும்தான். அதற்காக விருந்து விருந்து மாதிரி இருக்க வேண்டாமா?

ஆன்சிதான் வழி சொன்னாள். “சோயா வாங்கும்மா. இடிச்சக்கை வாங்கு. கறி மாதிரியே பண்ணிரலாம்.”

சோயாவைப் பற்றி (சிலர் மீல் மேக்கர் என்பார்கள்) ஒரு வார்த்தை. சோயா என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் எல்லாரும் அதைச் சரியாகப் பிழியாதவர்கள். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, உப்பியதும் எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி அலசி, மறுபடி பிழிய வேண்டும். அந்தப் பச்சை வாடை போகும் வரை விடக் கூடாது. கை வலிக்கும். வலிக்கட்டும். கவலைப்படுகிறவர்களுக்கு ஏற்ற வேலை இது. எதையாவது பிழிந்துகொண்டே யோசிக்கலாம்.

பிறகு மிளகாய், மல்லி, சோம்பு, நிறைய மிளகு, இஞ்சி, பூண்டு, கடையில் விற்கிற இறைச்சி மசாலா எல்லாம் பிரட்டி ஊற வைத்தேன். தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தேங்காய்க் கொத்தும் வதக்கி, சோயாவைக் கொட்டி, சின்னத் தீயில் கறுப்பாகும் வரை வறுத்தேன். எங்கள் மலையில் பீஃப் வறுப்பது இப்படித்தான். அதில் பீஃபை மட்டும் எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இடிச்சக்கை என்றால் பிஞ்சுப் பலாக்காய். அதை வேக வைத்து இடித்தால் நார் நாராகக் கோழிக்கறி மாதிரியே பிரியும். அதில் கட்லெட் செய்தேன்.

ஆன்சி தன் பங்குக்கு ஒன்று செய்தாள். ‘சில்லி’யாம். அமெரிக்காக்காரர்கள் மாட்டுக்கறியைக் கொத்திப்போட்டு, ராஜ்மாவோடு கெட்டியாகச் சமைப்பார்களாம். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. கறிக்குப் பதில் சோயாக் குருணை. தக்காளி, சீரகம், குடமிளகாய், நாலைந்து காந்தாரி மிளகாய். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு ஸ்பூன் கோகோ பொடியை எடுத்தாள்.

“அடியே! கொழம்புல சாக்லேட்டா?”

“சும்மா இரும்மா. அப்பத்தான் கலர் வரும்.”

எங்கள் வீட்டுப் பின்னால் கோகோ மரம் நிற்கிறது. காய் பறித்து விற்றிருக்கிறேன். குழம்பில் போடுவார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் ருசி பார்த்தேன்... கறிக்குழம்பு தோற்றுப்போகும். வேக வைத்த கப்பைக்கிழங்கோடு, அதாவது மரவள்ளியோடு, சேர்த்தால் இன்னும் பிரமாதம்.

அவர்கள் வந்தார்கள். பிரவீன், அவர் அம்மா ஸ்டெல்லா, அப்பா ஆரோக்கியசாமி. உபதேசியார் அன்றைக்கு ஓர் அடக்கத்துக்குப் போக வேண்டியிருந்ததால் வரவில்லை. அவர் வந்திருந்தால் இந்தப் பத்தியே இல்லை.

ஆன்சியும் பிரவீனும் முற்றத்தில் நின்று பேசினார்கள். நான் காப்பி வேண்டுமா என்று கேட்கப் போனேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் போனேன். வெயிலாக இருக்கிறதே, உள்ளே வருகிறீர்களா என்று கேட்கப் போனேன். பாவம், பிள்ளைகள் போன் நம்பர்கூட மாற்றிக்கொள்ள முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். பாத்திரங்களைத் திறந்தேன். வீடு முழுக்க வாசனை.

ஸ்டெல்லாம்மா வறுவலைப் பார்த்தார். கட்லெட்டைப் பார்த்தார். கறுத்துப்போயிருந்த சில்லியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்கு வயிறு சரியில்லைங்க. கொஞ்சம் மோருஞ்சோறும் போதும்.”

“ஐயையோ, என்ன பண்ணுது? இஞ்சி தட்டிப் போட்டுக் கசாயம் வைக்கட்டுமா?”

“வேண்டாங்க. ஒண்ணுமில்ல.”

ஆரோக்கியசாமி அண்ணனுக்கு வயிறு நன்றாகவே இருந்தது. வறுவலை ஒருமுறை வாங்கினார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு மறுமுறை வாங்கினார். மூன்றாம் முறை நான் கேட்காமலே தட்டை நீட்டினார். ஸ்டெல்லாம்மா அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். சுகர் இருக்கும்போல, அதற்குத்தான் முறைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிரவீன் என்ன சாப்பிட்டார் என்று அவரைக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணெல்லாம் ஆன்சி பக்கம் இருந்தது.

கிளம்பும்போது ஸ்டெல்லாம்மா சொன்னது ஒரே வார்த்தை. “சொல்லி அனுப்புறோம்.”

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஆன்சி சொன்னாள். “அம்மா... இவங்களுக்குச் சரின்னு சொல்லிரு.”

முதல் முறையாகச் சொல்கிறாள்! சந்தோஷத்தில் அவள் கழுவி வைத்த பாத்திரத்தையே நான் மறுபடி கழுவினேன். உடனே அடுத்த கவலை. நாம் சரி என்கிறோம், அவர்கள் சொல்ல வேண்டுமே?

அவர்கள் சொல்லவில்லை.

ஒரு வாரம் போனது. இன்னொன்றும் போனது. ஆன்சி வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, ஏதோ பால்காரர் வந்தாரா என்று கேட்கிற மாதிரி, “உபதேசியார் ஏதும் வந்தாரா?” என்பாள். இல்லை என்றதும் உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

என்ன குறை கண்டார்கள்? வீடு சின்னதா? பெண் கறுப்பா? எட்டாம் வகுப்போடு ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போன அம்மா என்பதாலா? இல்லை, இவள் எல்லாவற்றையும் பத்திரிகையில் எழுதிவிடுவாள் என்று பயந்துவிட்டார்களா? (அந்தப் பயம் நியாயமானது.)

“புடிக்கலைன்னா விட்டுரு. ஊர்ல வேற மாப்பிள்ளையே இல்லையா?” என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

“ஏம்மா, இத நான் எப்படிக் கேக்குறதுன்னே தெரியல. தவக்காலத்துல போய் இப்படிப் பண்ணலாமா?”

“நான் என்ன பண்ணேன் உபதேசியாரே?”

“விருந்துன்னா என்ன வேணாலும் வைப்பீங்களா? பீஃபு, கோழி கட்லெட்டு, கொத்துக்கறின்னு அடுக்கிட்டீங்களாமே! அந்தம்மா போன்ல அழுவாத கொற. ‘பொண்ணு தங்கமா இருக்கா உபதேசியாரே, ஆனா நோம்பு நாள்லயே கறி பொங்குற வீட்டுல எப்படிச் சம்பந்தம் பண்றது’ன்னு கேக்காங்க.”

திறந்த என் வாய் அப்புறம் மூடவில்லை.

“சோயா உபதேசியாரே! அது சோயா! கட்லெட்டு இடிச்சக்கை!”

அங்கேயே நின்று அவரை போன் போட வைத்தேன். ஸ்பீக்கரில் ஸ்டெல்லாம்மா குரல் கேட்டது. “உபதேசியாரே, நாங்க மீல் மேக்கர் தின்னாதவங்களா? பிரியாணில கெடக்குமே, ரப்பர் மாதிரி. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தப்பு நடந்துபோச்சு, சரின்னு விட்டாக்கூடப் பரவால்ல. இப்படிப் பொய் சொல்லலாமா?”

போச்சு. கறி வைத்தவள் என்ற பெயரோடு பொய் சொல்கிறவள் என்ற பெயரும் சேர்ந்தது.

யோசித்துப் பார்த்தால், தப்பு எங்கே? சோயா என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவக்காலத்தில் நம் வீட்டில் கறி இருக்காது என்பது யாருக்கும் தெரிந்ததுதானே, அதைப் போய்ச் சொல்வார்களா என்று இருந்துவிட்டேன். கறியா என்று அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று நான் சொல்லிவிட்டால் எனக்கு அவமானம் என்று வயிற்றுவலியை வரவழைத்துக்கொண்டார். மரியாதை பார்த்துப் பார்த்தே எத்தனை சம்பந்தங்கள் முறிந்திருக்குமோ!

மறுநாள் காலையில் பையைத் தூக்கினேன். சோயா, தேங்காய், சின்ன வெங்காயம், மசாலா, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய்.

“எங்க?” என்றார் வீட்டுக்காரர்.

“கம்பத்துக்கு.”

“கூப்பிடாத வீட்டுக்கா? கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?”

“பொண்ணு கேக்கப் போகல. வறுத்துக் காட்டப் போறேன்.”

கவலைப்படுகிறவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. ஒரு அளவு வரை நடுங்குவோம். அதைத் தாண்டிவிட்டால் எதற்கும் துணிந்துவிடுவோம். பாவம், அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். கம்பம்மெட்டு தாண்டி, வளைவு வளைவாகப் பஸ் இறங்க இறங்க, எனக்குத் தலை சுற்றியது வளைவினாலா பயத்தினாலா என்று இன்றுவரை தெரியாது.

கதவைத் திறந்த ஸ்டெல்லாம்மா எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். மலையிலிருந்து வந்தவர்களை வாசலில் நிறுத்த அவருக்கும் மனசு வரவில்லை. “உள்ள வாங்க.”

“உங்க அடுப்பக் கொஞ்சம் தாங்க. அரை நாள் போதும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி.”

சமையலறையைக் கை காட்டினார். நிலைப்படியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாக்கெட்டைப் பிரித்தேன்.

“இது மீல் மேக்கருதான்” என்றார்.

“இதேதாங்க.”

கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். அலசினேன். பிழிந்தேன்.

“என்ன, துணி தொவைக்கிற மாதிரி பிழியிறீங்க?”

“இத விட்டாத்தாங்க ரப்பரு.”

மசாலா பாக்கெட்டை எடுத்ததும் ஒரு அடி உள்ளே வந்தார். “படத்துல கறி இருக்கே?”

“படத்துல மட்டுந்தாங்க. உள்ள வெறும் மசாலா. மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் திறந்து மோந்து பார்த்தார். “எங்க வீட்டுல எண்ண இல்லாமயா தூக்கிட்டு வந்தீங்க?”

“உங்க வீட்டுல கடலெண்ணெயா இருக்கும்னு...”

“ஆமா, கடலெண்ணதான்” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வெங்காயம் வதங்கியது. தேங்காய்க் கொத்து சிவந்தது. சோயாவைக் கொட்டி, தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே நின்றேன். நிறம் மாற மாற, ஸ்டெல்லாம்மா ஒவ்வொரு அடியாக நகர்ந்து என் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். வாசனை முன்னறைக்குப் போனது.

“ஸ்டெல்லா! என்ன வாசம் அது?” ஆரோக்கியசாமி அண்ணன் குரல்.

“நீங்க உங்க சோலியப் பாருங்க!”

மிளகுத்தூளைத் தூவி இறக்கினேன். ஒரு துண்டை எடுத்து, ஊதி, அவர் கையில் வைத்தேன். என் கண்ணெதிரே ஆன்சியின் கல்யாணம் அந்த ஒரு துண்டில் இருந்தது.

மென்றார். மெதுவாக மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டை அவரே எடுத்தார். அதையும் மென்று முடித்துவிட்டு, சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்ப அன்னைக்கு நான் மோருஞ்சோறும் தின்னுட்டு வந்தது...?”

“வீணுதாங்க.”

“ஏன் மதினி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

மதினி! சம்பந்தி வீட்டுப் பெண்ணை அழைக்கிற அழைப்பு அது. அதுவரை ‘நீங்க’, ‘வாங்க’ என்று முறை சொல்லாமல் பேசிக்கொண்டிருந்தவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகு காரம் என்று சமாளித்தேன்.

“நீங்க ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதா மதினி?” என்றேன். இரண்டு பேரும் அடுப்பு முன்னால் நின்று சிரித்த சிரிப்பில், முன்னறையிலிருந்து ஆண்கள் இருவரும் ஓடி வந்துவிட்டார்கள்.

ஆரோக்கியசாமி அண்ணன் சட்டியைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பாக்கெட்டைப் பார்த்தார். “இதுவா? அன்னைக்கு நான் தின்னது... மீல் மேக்கரா?”

“ஆமாண்ணே.”

கை நிறையக் கொடுத்ததை யாரோ திருப்பிப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆனது அவர் முகம். பிறகு மெல்லக் கோபம் வந்தது.

“அப்ப நான் சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனேனே! தவக்காலத்துல மூணு தடவ பீஃப் வாங்கித் தின்னேன் சாமின்னு சொல்லி... தெனமும் முழங்கால்ல நின்னு ஜெபமாலை சொல்லச் சொல்லிட்டாரு. முழங்கால் தேஞ்சுபோச்சு! செய்யாத பாவத்துக்கா?”

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லா மதினி மட்டும் சிரிக்கவில்லை.

“என்னது செய்யாத பாவம்? நீங்க பீஃபுன்னு நெனச்சுத்தானே தின்னீங்க?”

“அது... நெனச்சேன்தான்...”

“ஒரு தடவ நெனச்சா போதாதுன்னு மூணு தடவ வேற! மனசால செஞ்சாலும் பாவந்தான். மிச்ச ஜெபமாலையையும் சொல்லி முடிங்க.”

தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல்முறையீடு கிடையாது. அண்ணன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சட்டிப் பக்கம் வந்தார். இந்த முறை அவரை யாரும் முறைக்கவில்லை.

திரும்பும்போது பிரவீனின் நம்பரை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் ஆன்சியிடம் நீட்டினேன். “இந்தா. இனிமே நான் காப்பி கொண்டு வரமாட்டேன், பேசு.” அன்றைக்கு அவள் சிரித்த விதம் மிகச் சரியாக இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் ஓலை வாசிக்க உபதேசியாரிடம் சொல்லியாயிற்று. தவக்காலம் முடிந்துவிடுவதால் கல்யாணத்துக்கு நிஜமான கறி விருந்து. பிரியாணி அவர்கள் பொறுப்பு, பீஃப் வறுவல் என் பொறுப்பு.

இப்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான். பந்தியில் உட்கார்ந்திருக்கிற கம்பத்துக்காரர்களில் யாராவது என் வறுவலை மென்று பார்த்துவிட்டு, “இது மீல் மேக்கர்தானே?” என்று கேட்டுவிட்டால்?